கம்பளி: எந்த ஆடு, எந்த ஊர், என்ன விலை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. தாத்தா காலத்தது. மார்கழி பிறந்தால் கீழே இறக்கி வெயிலில் உதறிப் போடுவார்கள். போர்த்திக்கொண்டால் குளிர் கிட்டவே வராது, ஆனால் கழுத்து, காது, கன்னம் எல்லாம் அரிக்கும். பல வருஷம் கழித்து ஸ்ரீநகரில் ஒரு கடையில் பஷ்மினா சால்வை ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கையில் எடையே தெரியவில்லை, கன்னத்தில் வைத்தால் எதுவும் உறுத்தவில்லை, விலை மட்டும் பல ஆயிரம். இரண்டும் ஆட்டின் உடம்பில் முளைத்தவைதான், இரண்டும் ஒரே பொருளால் ஆனவைதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கம்பளி என்றால் என்ன என்பதிலிருந்து அதற்காக நடந்த சண்டைகள் வரைக்கும் எல்லாமே ஒவ்வொன்றாகப் புரிந்துவிடும்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். நம் தலைமுடி, நகம், மாட்டுக் கொம்பு, பறவை இறகு எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கம்பளியும் அதேதான். பருத்தி செடியிலிருந்து வருவது, அது செல்லுலோஸ். அக்ரிலிக், பாலியெஸ்டர் எல்லாம் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருபவை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸ்வெட்டரின் உள்பக்கத்திலிருந்து ஒரு சின்ன நூலை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்துவிட்டால் தானே அணைந்துவிடும், மிஞ்சுவது விரலால் நசுக்கினால் பொடியாகும் கரி. அக்ரிலிக் என்றால் உருகி, ஆறினதும் கெட்டியான மணி போல ஆகிவிடும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். நம்மூர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கிற நூலில் பெரும்பகுதி அக்ரிலிக்தான் என்பது இப்படிக் கொளுத்திப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, முடியும் கம்பளியும் ஒரே புரதம் என்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? காட்டு ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே நீளமான, முரட்டு முடி, மழையைத் தடுக்க. உள்ளே தோலை ஒட்டி, குளிர்காலத்தில் மட்டும் வளரும் மெல்லிய பஞ்சு போன்ற மயிர், சூட்டைப் பிடித்து வைக்க. கோடை வந்ததும் அந்த உள்ளடுக்கு தானே உதிர்ந்துவிடும். மேற்காசியாவில் மனிதன் செம்மறியாட்டைப் பழக்கி ஏறத்தாழ 10,000 வருஷம் ஆகிறது, ஆனால் முதலில் வளர்த்தது கம்பளிக்காக அல்ல, கறிக்காக. அப்புறம் வந்த தலைமுறைகள் உள்மயிர் அதிகமாக இருந்த ஆடுகளையே பார்த்துப் பார்த்து இணைசேர்த்து, சில ஆயிரம் வருஷத்தில் வெளி முடி குறைந்து, உள்மயிர் மட்டும் உதிராமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் ஆட்டை உருவாக்கிவிட்டார்கள். இன்றைய மெரினோ ஆட்டுக்கு மயிரை யாராவது கத்தரித்துவிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அதுவே பாரமாகிவிடும். 2015இல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா பக்கத்தில் மந்தையிலிருந்து பிரிந்துபோய் வருஷக்கணக்கில் தனியாகத் திரிந்த ஓர் ஆட்டைக் கண்டுபிடித்தார்கள். கிறிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் மேலிருந்து வெட்டி எடுத்தது 40 கிலோவுக்கும் மேல். நடக்கவே திணறியது அந்த ஜீவன். மனிதன் தன் தேவைக்காக ஒரு விலங்கை மாற்றினால் அதைக் காலத்துக்கும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் அவனுக்கு வந்துவிடுகிறது, அதை மறக்கக் கூடாது.

வெள்ளாட்டில் பெரும்பாலும் இந்த மாற்றம் நடக்கவில்லை. பஷ்மினா தரும் வெள்ளாட்டுக்கு இன்னமும் அந்தப் பழைய இரண்டு அடுக்குதான். அதனால்தான் அதைக் கத்தரிப்பதில்லை, வசந்த காலத்தில் சீப்பு போட்டு வாரி எடுக்கிறார்கள். வாரியதில் முரட்டு முடியும் கலந்தே வரும், அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். கால் கிலோ அளவுக்கு வாரினால் நூல் நூற்கத் தேறுவது அதில் பாதிகூட இருக்காது. விலைக்கு முதல் காரணம் இங்கேயே வந்துவிட்டது.

இப்போது அந்த அரிப்புக்கு வருவோம். கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். தரைவிரிப்புக்குப் போகும் கம்பளி 30க்கு மேல். ஸ்வெட்டருக்கும் கோட்டுத் துணிக்கும் போகும் மெரினோ பெரும்பாலும் 17 முதல் 23 வரை. பஷ்மினா 12 முதல் 15 வரை. துணியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனி தடிமனாக இருந்தால் தோலில் குத்தும், மெல்லியதாக இருந்தால் தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். அரிப்பின் ரகசியம் அவ்வளவுதான். ‘கம்பளி எனக்கு ஒத்துக்காது’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது கம்பளி அல்ல, 30 மைக்ரான். கோட்டுத் துணிக் கடையில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான்: சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரானுக்கு மிகாமல் இருக்க வேண்டும், சூப்பர் 120 என்றால் 17.75. எண் கூடக்கூட இழை மெலியும், விலை ஏறும், ஆனால் துணி சீக்கிரம் தேயவும் செய்யும்.

தடிமன் போக இன்னும் இரண்டு குணம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கம்பளி இழை நேராக இருக்காது, நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவுகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, அந்தக் காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. இரண்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் இழை முழுக்க மீன் செதில் மாதிரி செதில்கள். வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் இந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிரியாது. வாஷிங் மெஷினில் போட்ட ஸ்வெட்டர் குழந்தை சைஸுக்குச் சுருங்குவது இதனால்தான். அதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி, தறியே இல்லாமல் கம்பளியை நனைத்து அமுக்கி ஃபெல்ட் செய்கிறார்கள். மங்கோலியாவில் வீட்டையே அதால் போர்த்துகிறார்கள். இன்னொன்று, கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தொட்டால் ஈரமே தெரியாமல் இருக்கும். ஆடு மேய்ப்பவர் மழையில் கம்பளிக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் இது. கத்தரித்த மயிரில் ஆட்டின் தோல் சுரக்கும் பிசுக்கும் இருக்கும், அதைப் பிரித்தெடுத்தால் லனோலின். உதட்டுக்குப் போடும் களிம்பில் பெயரைப் பாருங்கள், பலவற்றில் இருக்கும்.

எந்தெந்த விலங்கு? உலகத்தில் கம்பளி என்று சொன்னாலே பெரும்பாலும் செம்மறியாடுதான். வெள்ளாட்டில் பஷ்மினா உள்ளிட்ட காஷ்மீர் கம்பளியும் மொஹேரும் வருகின்றன. பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது: அங்கோரா ஆட்டிலிருந்து வருவது மொஹேர், அங்கோரா என்ற பெயரில் விற்கும் கம்பளி வருவதோ முயலிலிருந்து. துருக்கியின் தலைநகர் அங்காராவின் பழைய பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஒட்டகத்தின் உறவுக்காரர்களான அல்பாகா, லாமா, விகூன்யா. விகூன்யா இழை 12 மைக்ரானுக்குப் பக்கம். இன்கா அரசர்கள் காலத்தில் அது அரச குடும்பத்துக்கு மட்டுமே. பிற்பாடு வேட்டையாடி வேட்டையாடி 1960களில் அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், சட்டம் போட்டுக் காப்பாற்றியதால் இன்று மலைக் கிராமத்தார் கூட்டமாக வளைத்துப் பிடித்து, கத்தரித்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். இரட்டைத் திமில் ஒட்டகம், யாக் மாடு ஆகியவற்றின் உள்மயிரும் கம்பளிதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று சொல்வார்களே, ஷாதூஷ், அது திபெத்திய மான் வகையான சிருவிலிருந்து வருவது. சிருவை வளர்க்க முடியாது, வாரியெடுக்க முடியாது, கொன்றுதான் எடுக்க முடியும். ஒரு சால்வைக்கு மூன்று நான்கு உயிர். அதன் வியாபாரம் உலக அளவில் 1970களிலிருந்து தடைசெய்யப்பட்டது. யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீர்கள், அது குற்றமும்கூட.

இனி வியாபாரம். கம்பளி சீக்கிரம் கெடாது, உடையாது, எடைக்கு நல்ல விலை கிடைக்கும், கட்டாக அமுக்கிக் கழுதை மேல் ஏற்றிவிடலாம். தூர வியாபாரத்துக்கு இதைவிட வசதியான சரக்கு அந்தக் காலத்தில் குறைவு. இன்றைக்கு 3,900 வருஷம் முன்னால், இப்போதைய ஈராக்கில் இருந்த அசூர் நகரத்து வியாபாரிகள் கம்பளித் துணியையும் வெள்ளீயத்தையும் கழுதைகளில் ஏற்றி, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தாண்டி இப்போதைய துருக்கியில் இருந்த கானேஷ் நகரத்தில் விற்று வெள்ளி வாங்கி வந்தார்கள். அவர்களுடைய கணக்கும் கடிதமுமாக 20,000க்கு மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. துணியை நெய்தது ஊரில் இருந்த பெண்கள். ஒரு கடிதத்தில் வெளியூரில் இருக்கும் வியாபாரி, நெசவு நெருக்கமாக இருக்கட்டும், போன தடவையைவிட ஒவ்வொரு துணிக்கும் கூடுதலாக ஒரு மினா எடைக் கம்பளி சேருங்கள் என்று ஊருக்கு எழுதியிருக்கிறார். வாங்குபவர் என்ன கேட்கிறார் என்ற செய்தி அவ்வளவு தூரம் தாண்டி நெய்பவரிடம் போயிருக்கிறது. இதைப் படித்தபோது ஈரோட்டு ஜவுளிச் சந்தைதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

நம் பக்கமும் ஒரு சாட்சி உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் துணிக்கடை வீதியைச் சொல்லும்போது நூல், மயிர், பட்டு என்று மூன்றாலும் நெய்த துணிகள் அடுக்கடுக்காக இருந்ததாக வருகிறது. அந்த ‘மயிர்’தான் கம்பளி.

இடைக்கால இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக்கு அப்போது கம்பளிதான் எல்லாம். ஆடு வளர்ப்பது இங்கிலாந்து, நெய்வது கடலுக்கு அந்தப் பக்கம் இப்போதைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃப்ளாண்டர்ஸ் நகரங்களான கெண்ட், ப்ரூஜ், ஈப்ரஸ். 1193இல் முதலாம் ரிச்சர்டு மன்னரைச் சிறையிலிருந்து மீட்கப் பணம் திரட்டியபோது சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளிடம் அந்த வருஷத்துக் கம்பளியையே கேட்டு வாங்கினார்கள். 1275இல் முதலாம் எட்வர்டு வெளியே போகும் கம்பளி மூட்டைக்கு நிரந்தர வரி போட்டார், 1363இல் ஏற்றுமதிக் கம்பளி எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கள் பிடியில் இருந்த காலே துறைமுகம் வழியாகத்தான் போகவேண்டும் என்று ஆக்கினார்கள், வரி வசூல் சுலபமாக இருக்க. அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் தலைவர் உட்கார்ந்த இருக்கையே கம்பளி அடைத்த பெரிய திண்டு. அது இன்னும் அந்தச் சபையில் இருக்கிறது. அப்புறம்தான் அவர்களுக்குப் புரிந்தது, மூட்டையை விற்பதில் கிடைப்பதைவிடத் துணியை விற்பதில் கிடைப்பது பல மடங்கு என்று. ஃப்ளாண்டர்ஸ் நெசவாளர்களையே வரவழைத்துக் குடியமர்த்தினார்கள், 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மூட்டை ஏற்றுமதி படுத்துத் துணி ஏற்றுமதி எழுந்துவிட்டது. 1660களிலும் 70களிலும் போட்ட சட்டப்படி செத்தவரைக்கூடக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் விலை கொடுத்தது யார் என்றால், ஆட்டு மேய்ச்சலுக்காக நிலத்தை வேலிபோட்டு வளைத்தபோது ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட குடியானவர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்த இரண்டு கதைகளை. ஸ்பெயினின் மெரினோவும் திபெத் எல்லையின் பஷ்மினாவும். நல்ல கம்பளி ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஓர் ஆட்டில்தான் கிடைக்கும் என்றால், அந்த ஆட்டை வேறு ஊருக்குக் கொண்டுபோய் வளர்க்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் வியாபாரம் ஆட்டோடு இடம் மாறும். முடியாது என்றால் சண்டை வழிக்காகவும் ஒப்பந்தத்துக்காகவும் நடக்கும்.

ஸ்பெயினில் மெரினோ ஆட்டுக்காரர்களுக்கு மெஸ்தா என்று ஒரு பெரிய சங்கம் இருந்தது. 1273இல் பத்தாம் அல்ஃபான்ஸோ மன்னர் அதற்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். கோடையில் வடக்கு மலைகளிலும் குளிர்காலத்தில் தெற்குப் புல்வெளிகளிலும் மேய்க்க, லட்சக்கணக்கான ஆடுகள் நாட்டின் குறுக்கே நடந்துபோகும். அதற்காகவே அரசர் பாதுகாப்பில் அகலமான பாதைகள், வழியில் விவசாயி குறுக்கே உழக்கூடாது. நம் ராமநாதபுரம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை மாற்றி மாற்றிப் போவதை ஒரு நாடு முழுக்க விரித்துப் பாருங்கள், அப்படி. இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை மாட்ரிட் நகர வீதிகள் வழியாக மந்தையை ஓட்டிச்சென்று, 1418ஆம் வருஷ ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மராவெதி நாணயம் என்று நகராட்சிக்குக் கட்டி அந்த உரிமையை நினைவுகூர்கிறார்கள்.

ஐரோப்பாவிலேயே மெல்லிய கம்பளி ஸ்பெயினிடம். அதனால் உயிருள்ள மெரினோ ஆடு நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கடுமையான தடை. எவ்வளவு காலம் தடுக்க முடியும்? ஆடு எங்கே புல் இருந்தாலும் பிழைக்கும். 18ஆம் நூற்றாண்டில் அரச குடும்ப உறவு முறையில் பரிசாகவே ஆடுகள் போக ஆரம்பித்தன: 1765இல் சாக்ஸனிக்கு, 1786இல் பிரான்ஸின் ராம்பூயேவுக்கு. ஒரு சின்ன மந்தை ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய், அங்கிருந்து 1797இல் சிட்னியில் இறங்கியது. நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள் புகுந்த பிறகு மிச்ச மந்தைகளும் சிதறின. ஆஸ்திரேலியாவில் மெரினோ வளர்ப்பு என்றால் ஜான் மெக்ஆர்தர் பெயர்தான் எல்லாரும் சொல்வது, ஆனால் 1809 முதல் 1817 வரை அவர் நாட்டிலேயே இல்லை, அந்த எட்டு வருஷமும் பண்ணையையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டது அவர் மனைவி எலிசபெத். அவருடைய பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். அந்த நிலத்தில் அதற்கு முன் வாழ்ந்த ஆதிக்குடிகள் இந்த மேய்ச்சல் பரவலில் தங்கள் மண்ணை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்து ஆலைகளுக்குக் கம்பளி ஆஸ்திரேலியாவிலிருந்து போனது, 1836இல் மெஸ்தா கலைக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக ஒரு நாட்டின் கையில் இருந்த சரக்கு, ஆடு கப்பல் ஏறியதும் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவும் பிற்பாடு பட்டது. 1950-51இல் கொரியப் போரில் ராணுவ உடுப்புக்குக் கம்பளி தேடி ஓடினார்கள், நல்ல ரகமானால் ஒரு பவுண்டு எடைக் கம்பளி ஒரு பவுண்டு பணத்துக்கு மேல் போனது. அதைப் பார்த்துப் பயந்த ஆலைகள் நைலான், அக்ரிலிக் பக்கம் வேகமாகத் திரும்பின. பிற்பாடு விவசாயிகளைக் காக்க ஒரு குறைந்தபட்ச விலை வைத்தார்கள், சந்தையில் அந்த விலைக்குப் போகாததைக் கம்பளி வாரியமே வாங்கிக் கிடங்கில் அடுக்கும். விலையை அளவுக்கு மீறி உயர்த்தினார்கள், சோவியத் யூனியனும் சீனாவும் வாங்குவதைக் குறைத்தன, 1991 பிப்ரவரியில் திட்டம் உடைந்தபோது கிடங்கில் 47 லட்சம் பேல், அதாவது அமுக்கிக் கட்டிய மூட்டை, தேங்கியிருந்தது. விற்றுத் தீர்க்கப் பத்து வருஷம் ஆனது, லட்சக்கணக்கான ஆடுகளைச் சுட்டுப் புதைத்தார்கள். இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் கம்பளியின் பங்கு சுமார் 1 சதவீதம்தான், ஆஸ்திரேலியக் கம்பளியில் பெரும்பகுதியை வாங்குவது சீனா.

இப்போது பஷ்மினா. லடாக்கின் கிழக்கிலும் மேற்குத் திபெத்திலும் விரிந்துகிடக்கும் சாங்தாங் மேட்டுநிலம், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி போகும். அங்கே சாங்பா மக்கள் மேய்க்கும் வெள்ளாட்டுக்கு அந்தக் குளிரால்தான் அந்த உள்மயிர். நூற்று நெய்யும் கைகளோ கீழே காஷ்மீரில். சரக்கு ஓரிடம், கை ஓரிடம், நடுவே மலைக் கணவாய்கள். ஆகவே 1684இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் சண்டை முடிந்து டிங்மோஸ்காங்கில் ஒப்பந்தம் எழுதியபோது, மேற்குத் திபெத்தின் சால்வைக் கம்பளி லடாக் வழியாகக் காஷ்மீருக்கு மட்டுமே போக வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள்.

இதை உடைக்க வெள்ளைக்காரர்கள் மெரினோ வழியிலேயே முயன்றார்கள், ஆட்டைக் கொண்டுபோவது. 1812இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் மூர்கிராஃப்ட் சாமியார் வேஷம் போட்டுக்கொண்டு மானசரோவர் ஏரி வரை போய் ஆடுகளை வாங்கி வந்தார். இங்கிலாந்துக்கு அனுப்பிய ஆடுகள் நிலைக்கவில்லை. ஆடு பிழைத்தாலும் அந்தக் குளிரில்லாத ஊரில் அந்த மயிர் அந்த அளவுக்கு வராது. அப்புறம் ஜம்முவின் டோக்ரா படை. தளபதி ஜோராவர் சிங் 1834இல் லடாக்கைப் பிடித்தார், 1841இல் சால்வைக் கம்பளி விளையும் மேற்குத் திபெத்துக்குள்ளேயே புகுந்தார். டிசம்பர் குளிரில் அகப்பட்டுக்கொண்ட படை துப்பாக்கிக் கட்டைகளைக்கூட எரித்துக் குளிர்காய்ந்தது, அவர் அங்கேயே கொல்லப்பட்டார். 1842 உடன்பாட்டில் பழைய கம்பளி வழியையே மறுபடி உறுதிசெய்தார்கள். 1846இல் ஆங்கிலேயர் காஷ்மீரை ஜம்மு ராஜா குலாப் சிங்குக்கு 75 லட்ச ரூபாய்க்குக் கொடுத்த அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில், வருஷாவருஷம் அவர் கட்ட வேண்டிய கப்பம் என்ன தெரியுமா? ஒரு குதிரை, நல்ல இனத்துச் சால்வை ஆடுகள் பன்னிரண்டு, அதில் கிடா ஆறு, பெட்டை ஆறு, அதோடு மூன்று ஜோடி காஷ்மீர் சால்வை. ஒரு நாட்டைக் கைமாற்றும் பத்திரத்தில் ஆட்டின் ஆண் பெண் கணக்கு எழுதியிருக்கிறது.

ஆடு போகவில்லை, ஆனால் டிசைன் போனது. பிரான்ஸில் நெப்போலியன் மனைவி ஜோசஃபின் முதற்கொண்டு எல்லாரும் காஷ்மீர் சால்வை கேட்க, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊரில் தறியில் அதே மாதிரி போலி நெய்யத் தொடங்கினார்கள். சால்வை முனையில் இருந்த அந்த வளைந்த மாங்காய் உருவத்துக்கு அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. நம்மூரில் பட்டுக் கரையில் மாங்காய் என்றுதான் சொல்கிறோம், அதையே ஜவுளிக்காரர்கள் இங்கிலீஷில் பெய்ஸ்லி என்கிறார்கள். காஷ்மீரில் நெய்தவர்களுக்கு இதனால் எதுவும் மிஞ்சவில்லை. சால்வைக்கு முத்திரை குத்தி வரி, தறியை விட்டு வேறு வேலைக்குப் போகவும் தடை. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் நியாயம் கேட்டு ஊர்வலம் போன நெசவாளர்களைப் படைவீரர்கள் துரத்த, பலர் தண்ணீரில் விழுந்து இறந்தார்கள். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றதும் பெரிய சந்தையும் போனது, சில வருஷத்தில் பஞ்சமும் வந்தது. சால்வையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் இந்த நாளை நான் நினைத்துக்கொள்கிறேன். 2008இல்தான் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி நம்மூர். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறியாடு. ஆனால் மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் என்று நாம் பெருமையாகச் சொல்லும் இனங்களுக்குக் கம்பளியே கிடையாது, குட்டையான முடிதான், வெயில் ஊருக்கு அதுதான் சரி. அவற்றை வளர்ப்பது கறிக்கும் தோலுக்கும், கிடை போட்டு வயலுக்கு எரு சேர்ப்பதற்கும். மயிர் உள்ளவை என்றால் கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருங்குறும்பை, இரண்டும் முரட்டு ரகம். என் தாத்தாவின் கறுப்புக் கம்பளி அப்படியொரு ஆட்டிலிருந்து குறும்பர் ஒருவர் நெய்ததாக இருக்கும். மெல்லிய கம்பளி வேண்டுமானால் மலை ஏற வேண்டும்: 19ஆம் நூற்றாண்டில் மெரினோ கிடாக்களையும் நாட்டு ஆடுகளையும் சேர்த்து உருவான நீலகிரி செம்மறி ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் இருக்கிறது, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது.

தக்காணம் முழுக்க முரட்டுக் கம்பளியின் நிலைமை மோசம். கர்நாடகத்தில் சள்ளக்கெரே பக்கம் இன்னமும் குருபர்கள் கம்பளி நெய்கிறார்கள், ஆனால் பானிப்பட்டில் பழைய ஸ்வெட்டர்களைக் கிழித்து மறுபடி நூலாக்கிச் செய்யும் போர்வை மலிவு, பாலியெஸ்டர் போர்வை அதைவிட மலிவு. மயிர் வளர்ந்துவிட்டால் ஆட்டுக்குச் சூடு, பேன், சிரங்கு, ஆகவே வெட்டியே ஆகவேண்டும். வெட்டுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு, வெட்டிய மயிரை விற்றால் அந்தக் கூலிகூடத் திரும்புவதில்லை, பல இடங்களில் அதைக் கிடை பக்கத்திலேயே குவித்துவிட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.